மாமியாரைப் பார்த்துக்கொண்டதும் அனுபவம்தான்

பிரிட்டனில் அரசு மருத்துவமனையில் ‘ஹெல்த்கேர் அசிஸ்டென்ட்’ வேலைக்கு நேர்காணல் வந்துவிட்டால், நம் பெண்கள் முதலில் தேடுவது கேள்வி பதில் பட்டியலை. யூடியூபில் பார்க்கிறார்கள், தெரிந்தவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சமையல் மேடையருகே நின்றபடி மனப்பாடம் செய்கிறார்கள். ‘பரிவு என்றால் என்ன’ என்று கேட்டால் நல்ல ஆங்கிலத்தில் நான்கு வரி தடங்கலின்றி வருகிறது. ‘நீங்கள் ஒருவரிடம் பரிவோடு நடந்துகொண்ட ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் வாய் அடைத்துப்போகிறது. வாய்ப்பு நழுவுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

இப்படித் திணறுபவர்களில் பலர், படுத்த படுக்கையாகிவிட்ட பெரியவர்களை வருடக்கணக்கில் குளிப்பாட்டி, ஊட்டி, மலஜலம் எடுத்துப் பார்த்துக்கொண்டவர்கள். அதை அனுபவம் என்று அவர்களே எண்ணுவதில்லை. லண்டனில் எனக்குத் தெரிந்த பெண்களுக்கு இந்த நேர்காணலுக்கு ஒத்திகை பார்க்க உதவிவருகிறேன். புதிதாகக் கற்க வேண்டியதைவிட, செய்ததை நினைவுபடுத்திச் சொல்லப் பழகுவதே இவர்களுக்குப் பெரிய வேலையாக இருக்கிறது.

இந்த வேலையின் தன்மை என்ன? நம் ஊர் அரசு மருத்துவமனையில் நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருப்பார். பல் தேய்த்துவிடுவது, கஞ்சி ஊட்டுவது, பெட்பேன் வைப்பது, துணி மாற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. பிரிட்டனில் உறவினர்கள் பெரும்பாலும் பார்வை நேரத்தில் வந்து போகிறவர்கள். மற்ற நேரமெல்லாம் இவற்றைச் செய்பவர் ஹெல்த்கேர் அசிஸ்டென்ட். பிரிட்டன் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.-இன் சம்பளப் படிநிலையில் இது பேண்ட் 2 அல்லது பேண்ட் 3. குளியல், உணவு, கழிப்பறை என்று அன்றாடப் பராமரிப்போடு நின்றால் பேண்ட் 2. ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, சர்க்கரை பார்ப்பது, ரத்தம் எடுப்பது போன்றவையும் தொடர்ந்து செய்தால் பேண்ட் 3. பேண்ட் 2 சம்பளத்தில் பேண்ட் 3 வேலையைச் செய்துவந்த ஆயிரக்கணக்கானோருக்காக யூனிசன் தொழிற்சங்கம் போராடி, மருத்துவமனைகளை நடத்தும் பல ட்ரஸ்டுகளில் நிலுவைத் தொகையோடு உயர்வு பெற்றுத் தந்திருக்கிறது. விளம்பரத்தில் எந்த பேண்ட், என்னென்ன பணி என்று வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

இந்த நேர்காணலில் ஏன் இப்படிச் சம்பவம் சம்பவமாகக் கேட்கிறார்கள் என்பதற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 2005 முதல் 2009 வரையான காலத்தில், மத்திய இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் நோயாளிகள் அழுக்கான படுக்கையிலேயே கிடந்தார்கள். கழிப்பறைக்கு அழைத்துப்போகச் சொல்லிக் கூப்பிட்டும் யாரும் வரவில்லை. சாப்பாடும் தண்ணீரும் கை எட்டாத இடத்தில் வைக்கப்பட்டன. 2007-ல் தன் தாயை அங்கே பறிகொடுத்த ஜூலி பெய்லி, பாதிக்கப்பட்ட குடும்பங்களைத் திரட்டிப் போராடினார். ராபர்ட் ஃபிரான்சிஸ் தலைமையிலான பொது விசாரணை 2013 பிப்ரவரியில் 290 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது. அங்கே வேலை செய்தவர்களில் பலருக்கு வேலை தெரியாமல் இல்லை; தவித்த வாய்க்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கத் தனிப் படிப்பும் தேவையில்லை. ஆள் பற்றாக்குறையும், இலக்குகளை எட்டச் சொல்லி நிர்வாகம் தந்த நெருக்கடியும், கண்டும் காணாமல் போகும் பழக்கமும் சேர்ந்துதான் அந்தக் கொடுமை நடந்தது.

அதே ஆண்டு ஜூலையில் பத்திரிகையாளர் கமிலா கேவண்டிஷ் அரசுக்கு அளித்த அறிக்கை, உதவியாளர்களுக்கு நாடு முழுவதும் ஒரே சீரான பயிற்சி இல்லை என்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அதன் விளைவாக 2015 ஏப்ரலில் 15 தரநிலைகளோடு ‘கேர் சர்ட்டிஃபிகேட்’ என்ற பயிற்சிச் சான்றிதழ் வந்தது. அதற்கு முன்பே, 2012 டிசம்பரில், பராமரிப்பு, பரிவு, திறமை, பேச்சுத்தொடர்பு, துணிவு, ஈடுபாடு என்ற ஆறு பண்புகளை இங்கிலாந்தின் செவிலியர் தலைமை முன்வைத்திருந்தது. ஆங்கிலத்தில் ஆறும் ‘சி’ எழுத்தில் தொடங்குவதால் ‘சிக்ஸ் சி’ என்பார்கள். நம்மவர்கள் மனப்பாடம் செய்வது இந்த ஆறையும்தான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நர்ஸாக வேலை பார்க்கப் பதிவு வேண்டும். தவறு செய்தால் பதிவு பறிபோகும். ஹெல்த்கேர் அசிஸ்டென்டுக்கு அப்படி ஒரு சட்டபூர்வப் பதிவேடு பிரிட்டனில் இல்லை. இந்தப் பதவிக்குப் பட்டமும் தேவையில்லை. வாய் பேச முடியாத ஒரு முதியவரை நள்ளிரவில் இவர் பொறுப்பில் விடலாமா என்பதை முடிவுசெய்ய, நற்சான்றுகளும் குற்றப் பின்னணிச் சோதனையும் தவிர, நேர்காணலின் அந்த அரை மணி நேரப் பேச்சுதான் இருக்கிறது. எதிரே இருப்பவர்கள் சம்பவத்தைத் துருவித் துருவிக் கேட்பதன் காரணம் இது.

கேட்கும் முறையும் நமக்குப் பழகாதது. பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று பேர் இருப்பார்கள். வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்விகள். ஒவ்வொரு பதிலுக்கும் என்னென்ன அம்சம் வந்தால் எத்தனை மதிப்பெண் என்று முன்பே எழுதிவைத்த தாள் அவர்கள் கையில் இருக்கும். நீங்கள் பேசப் பேசக் குறித்துக்கொண்டே இருப்பார்கள். குறிப்பால் உணர்த்தினேன், அவர்களுக்கே புரிந்திருக்கும் என்பதெல்லாம் இங்கே செல்லாது. வாயைத் திறந்து சொல்லாததற்கு மதிப்பெண் கிடையாது. ‘கை கழுவிவிட்டுத்தான் தொடுவேன்’, ‘திரையை இழுத்துவிட்டுத்தான் துணி மாற்றுவேன்’, ‘என்ன செய்யப்போகிறேன் என்று முதலில் சொல்லி, அவர் சம்மதம் கேட்பேன்’ என்பதெல்லாம் சொல்லவே வேண்டாத சாதாரண விஷயங்களாகத் தோன்றலாம். சொல்லத்தான் வேண்டும்.

லண்டனின் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் ஒரு பெண், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், கணவரின் விசாவில் வந்தவர், ஒத்திகைக்கு வந்திருந்தார். உட்கார்ந்ததும், “வேலை அனுபவம்னு ஒண்ணும் இல்லைக்கா. கல்யாணத்துக்கு அப்புறம் வீட்லதான்” என்றார்.

“வீட்ல யாருக்கும் உடம்பு முடியாம இருந்துச்சா?”

“அத்தைக்குப் பக்கவாதம் வந்து நாலு வருஷம் படுக்கையில இருந்தாங்க. நான்தான் பார்த்தேன். அது வீட்டு வேலைதானேக்கா?”

“அவங்களுக்குப் பேச்சு இருந்துச்சா?”

“இல்லை. சுத்தமாப் போயிடுச்சு.”

“வலிச்சா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்: “நல்லா இருக்கற கால் பெருவிரலை மடக்கி மடக்கி நீட்டுவாங்க. வயித்து வலின்னா மட்டும் மூஞ்சியைச் செவுத்துப் பக்கம் திருப்பிக்குவாங்க.”

தொடர்ந்து கேட்கக் கேட்க வந்துகொண்டே இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்திருக்கிறார். முதுகுக்கு அடியில் சிவப்பாகத் தெரிந்தால் விரலால் அழுத்திப் பார்ப்பாராம். விரலை எடுத்ததும் வெளுத்துச் சிவந்தால் பயமில்லை. அழுத்தியும் வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால், அந்தப் பக்கம் உடம்பின் பாரம் படாமல் பார்த்துக்கொள்வாராம். ஊரில் ஒரு நர்ஸம்மா சொல்லிக் கொடுத்தது. மூக்குக் குழாயில் கஞ்சி விடும்போது தலைமாட்டை உயர்த்தி, விட்ட பிறகும் அரை மணி நேரம் அப்படியே வைத்திருப்பார். சிறுநீர் எவ்வளவு போகிறது என்று காலண்டரில் குறித்துவைத்து டாக்டரிடம் காட்டியிருக்கிறார்.

அழுத்தியும் வெளுக்காத சிவப்பு, படுக்கைப்புண்ணின் முதல் நிலை. லண்டன் வார்டுகளில் புதிதாகச் சேருபவர்களுக்குப் படம் போட்டுக் கற்றுக்கொடுப்பது அதைத்தான். காலண்டரில் குறித்தது, வார்டில் தினமும் நிரப்பும் நீர் வரவு செலவுப் படிவத்தின் வேலை. பேசமுடியாதவரின் வலியைப் பெருவிரலில் கண்டுகொண்டதற்கு எந்தப் படிவமும் இல்லை. அனுபவமுள்ள நர்ஸுகள் பெரிதாக மதிக்கும் திறமை அது. இத்தனையும் கையில் இருக்க, அந்தப் பெண் தன் விண்ணப்பத்தில் அனுபவம் என்ற கட்டத்தில் கோடு போட்டுவிட்டு வந்திருந்தார். வீட்டுப் பெண்கள் செய்யும் பராமரிப்பை யாரும் வேலை என்று சொல்லாத ஒரு சமூகத்தில் வளர்ந்ததன் விளைவு அது. அந்தக் கோட்டைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது; அவர்மேல் இல்லை.

நினைவுக்கு வந்ததைக் கோவையாகச் சொல்ல ஒரு வரிசை உண்டு. நிலைமை என்ன, அதில் உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, முடிவு என்ன ஆயிற்று. முதல் இரண்டுக்கும் ஓரிரு வரி போதும். மூன்றாவதில்தான் நின்று பேச வேண்டும். நம்மவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அத்தைக்கு எப்போது நோய் வந்தது, எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், கொழுந்தனார் எப்போது வந்தார் என்று நிலைமையிலேயே நேரம் கரைந்துவிடுகிறது. அடுத்தது ‘நாங்க’. புரட்டியது இவர், ஊட்டியது இவர், விழித்திருந்தது இவர்; சொல்லும்போது மட்டும் ‘நாங்க பார்த்துக்கிட்டோம்’. பெருமை பேசக் கூடாது என்று வளர்ந்த நாக்கு அப்படித்தான் வரும். குறித்துக்கொள்பவருக்கோ, இதில் இவர் செய்தது எது என்று தெரியாது. ‘நான் செய்தேன்’ என்று சொல்ல வீட்டிலேயே வாய்விட்டுப் பழக வேண்டும். உள்ளதை உள்ளபடி சொல்வது தற்பெருமை ஆகாது.

நம்மவர்கள் அதிகம் இடறும் கேள்வி துணிவைப் பற்றியது. ‘உங்களைவிட மூத்த பணியாளர் ஒருவர் நோயாளியிடம் கடுமையாக நடந்துகொள்வதைப் பார்க்கிறீர்கள். என்ன செய்வீர்கள்?’ நம் பெண்களின் முதல் பதில், ‘அவரிடம் தனியாகப் போய் மெதுவாகச் சொல்லிப் பார்ப்பேன்’ என்பதோடு நின்றுவிடுகிறது. சிலர், ‘அவர் களைப்பில் இருந்திருக்கலாம்’ என்று அவருக்காகவே வாதாடுகிறார்கள். பெரியவர்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாது, வேலையிடத்தில் பகை வேண்டாம், அனுசரித்துப் போ என்று நாம் ஊட்டி வளர்த்த பண்பு அது. ஸ்டாஃபோர்டில் பலர் அனுசரித்துப் போனார்கள். அங்கே அவசர சிகிச்சைப் பிரிவு நர்ஸாக இருந்து, நடந்ததை வெளியே சொன்ன ஹெலீன் டோனலி மிரட்டல்களைச் சந்தித்தார். அவரைப் போன்றவர்கள் பேசியதும் உண்மை வெளிவரக் காரணமாயிற்று. ஆகவே பதில் தெளிவாக இருக்க வேண்டும்: முதலில் நோயாளியைப் பாதுகாப்பேன், நடப்பதை அங்கேயே நிறுத்துவேன், பொறுப்பு நர்ஸிடம் அன்றே சொல்வேன், பார்த்ததை எழுதிவைப்பேன், அவர் கண்டுகொள்ளாவிட்டால் அதற்கு மேலே போவேன். நேர்காணலுக்காக மட்டும் இதைச் சொல்லக் கூடாது. மனம் ஒப்பவில்லை என்றால், வேலையில் சேருவதற்கு முன் அதைப் பற்றி நன்றாக யோசிப்பது நல்லது.

ரகசியம் காப்பது பற்றிய கேள்வியும் அப்படித்தான். லண்டனில் தமிழர்கள் அதிகம் வாழும் ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ வேலை செய்பவரின் வார்டுக்கு நம்ம ஆள் ஒருவர் நோயாளியாக வருவது நடக்கக்கூடியதே. வெள்ளிக்கிழமை கோயிலில் நான்கு பேர் சூழ்ந்துகொண்டு, ‘இன்னார் உங்க ஆஸ்பத்திரியிலதான் இருக்காராமே, எப்படி இருக்கார்?’ என்று அக்கறையோடு கேட்பார்கள். அவர் அங்கே இருக்கிறார் என்பதைக்கூட ஒப்புக்கொள்ளக் கூடாது. இந்தச் சங்கடத்தை அப்படியே எடுத்துக்காட்டாகச் சொன்னால், புத்தக வரையறையைவிடப் பல மடங்கு நம்பும்படி இருக்கும். இதற்கு மறுபக்கமும் உண்டு. நோயாளி ஒருவர், ‘யாரிடமும் சொல்லாதே, என் மகன் என்னை அடிக்கிறான்’ என்று சொன்னால், சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுக்கக் கூடாது. ‘உங்கள் பாதுகாப்புக்காக நர்ஸிடம் நான் சொல்லியாக வேண்டும்’ என்று அவரிடமே சொல்லிவிட வேண்டும்.

மற்றவை எளியவை. கீழே விழுந்து கிடப்பவரை ஓடிப்போய்த் தூக்கக் கூடாது. நம் கை தானாகவே தூக்கப் பார்க்கும், எலும்பு முறிந்திருந்தால் அது கேடு. கூப்பிட்டு ஆள் சேர்த்து, அவரோடு பேசிக்கொண்டே பக்கத்தில் இருந்து, நர்ஸ் வந்து பார்த்த பிறகே அசைக்க வேண்டும். குளிக்க மாட்டேன் என்பவரை வற்புறுத்தக் கூடாது. ஏன் என்று கேட்டு, பிறகு வரட்டுமா என்று கேட்டு, நர்ஸிடம் சொல்லிப் பதிவுசெய்ய வேண்டும். பேண்ட் 3 என்றால் ‘நியூஸ் 2’ மதிப்பெண் முறையைத் தெரிந்துகொண்டு போகலாம். மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன், ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, நினைவு நிலை, உடல் வெப்பம் ஆகியவற்றைக் கூட்டிப் போடும் கணக்கு அது. கூட்டுத்தொகை 5 ஆனால் அவசரம், 7 ஆனால் பெரும் அவசரம். எண்ணை எழுதிவிட்டு நகர்ந்துபோவது உதவியாளரின் வேலை ஆகாது. உடனே நர்ஸிடம் போய்ச் சொல்வேன் என்ற வாக்கியம் பதிலில் இருந்தே ஆக வேண்டும்.

இன்னொன்று, பேர் சொல்லி அறிமுகம் செய்துகொள்வது. யார்க்ஷயரில் முதியோர் மருத்துவராக இருந்த கேட் கிரேஞ்சர் புற்றுநோயால் படுத்தபோது, தன்னைத் தொட்டுப் பார்த்தவர்களில் பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்று கண்டு, 2013-ல் ‘ஹலோ, என் பெயர்…’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். 2016-ல் அவர் இறந்துவிட்டார். பெயரை முதலில் சொல்லும் பழக்கம் பிரிட்டன் மருத்துவமனைகளில் நிலைத்துவிட்டது. நாம் அன்போடு ‘ஆன்ட்டி’, ‘அங்கிள்’ என்று தொடங்கிவிடுவோம். அங்கே, ‘உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?’ என்று நோயாளியிடமே கேட்க வேண்டும்.

ஆங்கிலம் தடுமாறுமே என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேட்பதில் தவறே இல்லை. புரியாததைப் புரிந்ததாகக் காட்டுபவரை வார்டில் வைத்துக்கொள்வதுதான் ஆபத்து. ஆண் நோயாளிகளையும் குளிப்பாட்ட வேண்டியிருக்கும், பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டும் இரவு வேலையும் வார இறுதியும் வரும். இவற்றை வீட்டில் பேசி முடித்துவிட்டே போக வேண்டும். முழங்கைக்குக் கீழே வெறுங்கை என்பது வார்டு விதி; கடிகாரமும் வளையலும் கூடாது, நகப்பூச்சு கூடாது. உங்களிடம் கேள்வி இருக்கிறதா என்று கடைசியில் கேட்கும்போது, ‘நர்ஸிங் அசோசியேட் ஆக உங்கள் ட்ரஸ்டில் வழி உண்டா?’ என்று கேளுங்கள். உதவியாளருக்கும் நர்ஸுக்கும் இடையில், 2019 முதல் இங்கிலாந்தில் உள்ள பதிவுபெற்ற பதவி அது. அதிலிருந்து நர்ஸ் ஆனவர்கள் இருக்கிறார்கள்.

ஊரிலிருந்து வரத் துடிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர்களுக்கு விசா வழி திறந்ததும், அதைக் காட்டி ஏஜெண்டுகள் பல லட்சம் வாங்கிக்கொண்டு பலரை நடுத்தெருவில் விட்டார்கள். முதியோர் இல்லங்களுக்கும் வீட்டுப் பராமரிப்புக்கும் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் அந்த வழி 2025 ஜூலை 22 அன்று மூடப்பட்டுவிட்டது. வேலை தேடித் தருவதற்கு வேலை தேடுபவரிடமே கட்டணம் வாங்குவது பிரிட்டன் சட்டப்படி குற்றம். நேர்காணலுக்குப் பணம் கேட்டால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

நேர்காணல் நடத்துபவர்களிடமும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே மதிப்பெண் தாள் என்பது நியாயமான ஏற்பாடுதான். தெரிந்தவர், வேண்டியவர் என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆனால் அது கதை சொல்லத் தெரிந்தவருக்குச் சாதகமாகிவிடுகிறது. சரளமாகப் பேசுபவர் நோயாளியிடம் பொறுமையாக இருப்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? திக்கித் திக்கிப் பேசுபவரிடம், ‘வீட்டில் யாரையாவது பார்த்துக்கொண்டதுண்டா?’ என்று கூடுதலாக ஒரு கேள்வி கேட்டால் விதி எதுவும் உடைந்துவிடாது. ஆளில்லாமல் தவிக்கும் வார்டுகளுக்கு நல்ல கைகள் கிடைக்கும்.

அவர்கள் கேட்கும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். என்.எச்.எஸ். விண்ணப்பத்தில் வேலையில் இல்லாத காலத்துக்கு விளக்கம் எழுத வேண்டியிருக்கும். அங்கே ‘ஹவுஸ்வைஃப்’ என்று ஒற்றை வார்த்தையோடு நிறுத்தாதீர்கள். யாரைப் பார்த்துக்கொண்டீர்கள், என்ன நோய், எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் வரை, தினமும் என்னென்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். எழுதி முடித்ததும் அதையே வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.